நீல மோட்டாருக்கு வைத்த பொட்டு

புரட்டாசி 3, வெள்ளி

எதிர்க் கடையில் இன்று புதுப் பலகை ஏற்றினார்கள். உள்ளே விளக்கு வைத்த பலகை. பகலிலேயே எரிகிறது. "வாடகை கொடுத்து ஏமாறாதீர்கள். சொந்தமாக வாங்குங்கள்" என்று எழுதியிருக்கிறது. நான் அஞ்சாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். ஆனால் அஞ்சாவதில் நான்தான் முதல். எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில் படித்தேன்.

இந்த ஊரில் கட்டட மெஷின்களை வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது ஒன்றுதான். ஏமாற்றுகிறவள் யார் என்று என் பெயரைப் போடவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

எழுதி வைத்தவன் தண்டபாணி. மீசை அரும்பாத வயதில் எங்கள் கடைக்கு வந்தவன். மோட்டாரைப் பிரிக்கவும் பூட்டவும் என் வீட்டுக்காரர்தான் கற்றுக் கொடுத்தார். சோறு நான் போட்டேன். அவர் இறந்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டு, இப்போது லாரி நிறைய மலிவு மெஷின்களோடு வந்து என் வாசலுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறான். துளை போடுகிற மெஷின், கல் அறுக்கிற மெஷின், எல்லாம் பச்சை, நீலம், ஆரஞ்சு. திருவிழாக் கடையில் பொம்மை அடுக்கின மாதிரி.

நான் ஒரு வாரத்துக்கு வாங்குகிற வாடகைக்கு அவன் மெஷினையே கையில் கொடுத்துவிடுகிறான். யார் என்னிடம் வருவார்கள்? மகள், கடையைப் பூட்டிவிட்டு வந்து தன்னோடு இருக்கச் சொல்கிறாள். பூட்டினால் அந்தப் பலகையில் எழுதியிருப்பது நிஜம் என்று ஆகிவிடும். பூட்ட மாட்டேன். மலிவுச் சாமான் கட்டட வேலைக்குத் தாங்காது என்று இந்த ஊரே அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அதை நான் என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் நடக்கட்டும்.

முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். சாயங்காலம் பச்சைப்பயறு கடைந்தேன்.

புரட்டாசி 5, ஞாயிறு

ஓடு பதிக்கிற ஒருவர் அவனிடம் வாங்கின மெஷினைக் கையில் தூக்கிக்கொண்டு அவன் கடைக்குப் போனார். பல்சக்கரம் தேய்ந்துவிட்டதாம். திரும்பி வரும்போது கூப்பிட்டு உட்கார வைத்து டீ வரவழைத்துக் கொடுத்தேன். எப்படிச் சத்தம் வந்தது, எப்படி நின்றது என்று முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டேன். இரண்டாம் தடவையும் கேட்டேன்.

"காசைத் திருப்பிக் குடுத்தானா, சண்டை போட்டானா?" என்றேன்.

"ஒண்ணும் பேசலீங். வேற புதுசு எடுத்துக் குடுத்துட்டானுங்."

டீ வாங்கிக் கொடுத்தது வீண்.

புரட்டாசி 8, புதன்

பேத்தி பிரவீணாவின் மாப்பிள்ளை நவநீதன் வந்தார். ஊருக்கு மேற்கே அவர்கள் வீடு கட்டுகிறார்கள். சுவர் எழும்பிவிட்டது. தீபாவளி கழிந்து தளம் போடுவார்களாம். அதற்கு வைப்ரேட்டர் வேண்டும். மோட்டாரிலிருந்து நீளமாக ஒரு குழாய், அதன் முனையில் இரும்பு உருளை. காங்கிரீட்டுக்குள் விட்டால் நடுங்கி நடுங்கி, உள்ளே காற்று நிற்காமல் இறுக்கிவிடும். அது இல்லாமல் போட்ட தளம் தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் இறங்கும்.

நேராகக் கேட்டிருந்தால் பூப்போட்டுக் கொடுத்திருப்பேன். அவர் சுற்றி வளைத்தார்.

"எதுத்தாப்பல விலை விசாரிச்சனுங்க அம்மிச்சி. வாங்கறதே சல்லிசா இருக்குது. வேலை முடிஞ்சா வித்துக்கலாமுங்க."

"எதுத்தாப்பல விசாரிச்சுட்டுத்தான் எங்கிட்ட வந்தீங்களா?" என்றேன்.

"சொந்தத்துக்குள்ள நீங்க சும்மா குடுப்பீங்க. அது எனக்குச் சங்கடமுங்க."

"யாரு சும்மா குடுக்கறதுன்னு சொன்னது? ஊருக்கு என்ன வாடகையோ அதேதான் உங்களுக்கும் மாப்பிள்ளை."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். போகட்டும். கேட்கத் தெரியாதவருக்குக் கொடுக்கவும் எனக்குத் தெரியாது.

புரட்டாசி 11, சனி

மழை. யாரும் வரவில்லை. அவன் கடை வாசலில் மட்டும் பைக்குகள் நனைந்துகொண்டு நின்றன.

புரட்டாசி 14, செவ்வாய்

தண்டபாணி என் கடைக்கே வந்துவிட்டான். நாளைக்கு ஆயுத பூசை. வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றான்.

"பெரியம்மா, நாளைக்குப் பூசைக்கு நீங்கதான் வந்து பொட்டு வெக்கோணும்."

"உன்ற கடைக்கு நானா? ஏமாத்தறவ கை பட்டா வெளங்குமாடா?"

அவன் திரும்பித் தன் பலகையைப் பார்த்தான். கூச்சப்படவும் இல்லை.

"அது யாவாரத்துக்கு எழுதுனதுங் பெரியம்மா. போர்டு எழுதறவன் வேற எதோ சொன்னான், நான் இதைச் சொன்னேன். உங்களைச் சொல்லுவனா?"

"ஊருல வேற யாருடா வாடகைக்கு உடறா?"

தட்டை மேசையில் வைத்தான். "எனக்குத் தொழில் குடுத்தது இந்தக் கடைங். நீங்க வந்து வெச்சாத்தான் எனக்குத் திருப்தி" என்றான். காளியப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். என் கடையில் மெஷின் ஏற்றி இறக்கி, ரிப்பேர் பார்ப்பவன். அவன் கண் கலங்கின மாதிரி இருந்தது. அறிவு கெட்டவன்.

பொழுதோடு சந்தனம் அரைத்தேன். கடையில் விற்கிற பொடி காய்ந்தால் உதிர்ந்துவிடும். கல்லில் அரைத்ததுதான் பிடிக்கும். கொஞ்சம் அரிசி மாவும் சேர்த்தேன். சேர்த்தால் இன்னும் நன்றாக ஒட்டும். கிண்ணம் நிறைய வந்தது. என் கடைக்கு இவ்வளவு தேவையில்லை.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூசை

முதலில் என் கடை. எல்லா மெஷினையும் துணியால் துடைத்து, கைப்பிடியில் மட்டும் ஒரு சின்னப் பொட்டு. அது என் வீட்டுக்காரர் வைத்த முறை. மோட்டாரின் பக்கவாட்டில் சன்னல் மாதிரி வரி வரியாகக் கிழித்து விட்டிருப்பார்கள். அந்த வழியாகத்தான் அது மூச்சு விடும். "மோட்டாருக்கு அதுதான் மூக்கு. மூக்குல பொட்டு வெக்காதே" என்பார். ஒரு வருசம் இந்தத் தண்டபாணி பக்தி முற்றிப்போய்க் கலவை மெஷின் மோட்டாரின் மூக்கில் சந்தனத்தை அப்பி வைத்து, அவர் அவன் தலையில் குட்டி, ஊக்கைக் கொடுத்து ஒவ்வொரு வரியாகச் சுரண்ட வைத்தார். நான் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனேன்.

வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் என் கையாலேயே வைத்தேன். சின்னதுக்குச் சின்னதாக, பெரியதுக்குக் கனமாக. கடைசியில் நீல நிறத்தில் கையடக்கமாக ஒரு வைப்ரேட்டர் மோட்டார். அதற்கு மூன்று விரலால் பட்டை போட்டு, நடுவில் கட்டை விரலால் அழுத்தி வைத்தேன். எங்கே வைத்தாய் என்று கேட்டால், பொட்டு நிற்கிற இடத்தில்.

தண்டபாணி அப்போது தேங்காய் உடைக்க வெளியே போயிருந்தான். வந்திருந்த பெண்கள் எல்லாம், "எதிரிக் கடைக்கு வந்து வெக்கறாங்களே, எத்தனை பெரிய மனசு" என்று பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்தது. கேட்காத மாதிரி இருந்தேன்.

பொரி கடலை கொடுத்தான். அவன் முன்னால் வாயில் போட்டுக்கொண்டேன். தெருவைத் தாண்டி வந்து துப்பினேன்.

புரட்டாசி 24, வெள்ளி

அவனிடம் வாங்கின கல் அறுக்கிற மெஷின் ஒன்று புகைந்துவிட்டதாம். ஒரு துளை மெஷினும் சூடேறி நின்றதாம். இரண்டு பேர் என்னிடம் வாடகைக்கு வந்தார்கள்.

"மலிவுச் சாமான் தாங்குமாங்க பெரியம்மா?" என்று ஒருவர் கேட்டார். இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"தாங்காது" என்றேன். "கட்டட வேலைன்னா சும்மாவா? தூசி, வெயில், நாள் முழுக்க ஓட்டம். பொம்மை வெச்சு ஊடு கட்ட முடியுமா?"

அவர் தலையாட்டினார். நான் சொன்னது எதிரே கேட்க வேண்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. புகைந்த மெஷினுக்கு வேறு கொடுத்துவிட்டு, புகைந்ததைப் பிரிக்காமலே மூலையில் போட்டிருக்கிறானாம். ஒரு வார்த்தை பேசாமல் கொடுக்கிறான். எத்தனைக்குக் கொடுப்பான், பார்க்கிறேன்.

இன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசி 4, செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள். பிரவீணா பலகாரத்தோடு வந்தாள். நானும் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை தளம் போடுகிறார்களாம்.

"வைப்ரேட்டர் வாங்கியாச்சு அம்மிச்சி. எதுத்த கடைலதான். நீங்க கோவிச்சுக்காதீங்க."

"எனக்கென்ன கோவம்."

"நீல கலர். சின்னதா அழகா இருக்குது. பூசை போட்ட மெஷினுன்னு பொட்டோடவே குடுத்தாங்க. நீங்க வெச்ச பொட்டாமே. அவரு அதைத் தொடைக்கவே கூடாதுன்னு துணி சுத்தி வெச்சிருக்காரு."

முறுக்கு கருகிவிட்டது.

ஐப்பசி 6, வியாழன்

காளியப்பனிடம் எங்கள் பெரிய வைப்ரேட்டரை ஆட்டோவில் ஏற்றிப் பேத்தி வீட்டுக்கு அனுப்பினேன். வாடகை வேண்டாம், சும்மா இருக்கட்டும் என்று சொல்லச் சொன்னேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அம்மிச்சி அன்னிக்குச் சொன்னது சரிதானுங்க, சொந்தத்துக்குள்ள சும்மா வாங்கக் கூடாது. நாங்கதான் வாங்கிட்டமே" என்றாராம் மாப்பிள்ளை.

நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறார்.

ஐப்பசி 12, புதன்

நானே போனேன். தளத்தைத் தாங்கப் பலகையால் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். மேஸ்திரி அங்கமுத்து எனக்குப் பழக்கம். நீல மோட்டார் சிமெண்ட் அறையில், துணி சுற்றி, பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. துணியை விலக்கினேன். நான் வைத்தது கல் மாதிரி காய்ந்திருந்தது. ஒரு விரிசல் கூட இல்லை. என் அரைப்பு அப்படி.

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்ட ஆரம்பித்தேன். ஒரு வரி கூடத் திறக்கவில்லை, அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார்.

"ஐயோ, என்னுங் ஆத்தா பண்றீங்க? நாளைக்குத் தளம் போடறப்போ பூசைப் பொட்டைச் சுரண்டறீங்களே. ஆகாதுங்."

"காத்துப் போகோணுமில்ல" என்றேன்.

"நல்லா நின்னுக்கிட்டிருக்கற பொட்டைக் கலைச்சா ஊட்டுக்குத்தானுங் ஆகாது. பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

சத்தம் கேட்டு நவநீதனும் வந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். எதிர்க் கடை மெஷின் என்பதால் நான் ஏதோ செய்ய வந்திருக்கிறேன் என்று நினைத்தார். அப்படித்தான் பார்த்தார். மெதுவாக என் கையிலிருந்து மோட்டாரை வாங்கிப் பழையபடி துணி சுற்றினார்.

ஏன் சுரண்டுகிறேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எதைச் சொல்வது. நான் பொட்டு வைத்தேன், அவ்வளவுதானே.

ஐப்பசி 13, வியாழன்

காலையில் வானம் தெளிவாக இருந்தது. காளியப்பனிடம் எங்கள் வைப்ரேட்டரை ஆட்டோவில் ஏற்றச் சொல்லி, பேத்தி வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். "எதுக்குங்மா?" என்றான். "சும்மா நில்லு" என்றேன்.

பிரவீணா மஞ்சள் சேலையில் இருந்தாள். முதல் சட்டிக் காங்கிரீட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் காங்கிரீட்டைப் பார்க்கவில்லை. அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே நின்றான். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், நல்ல சத்தம். தூங்கும் பிள்ளையின் மூச்சு மாதிரி ஒரே சீராக.

பாதித் தளம் ஆகும் வரை ஓடியது. இரண்டு சாமியை வேண்டிக்கொண்டேன். ஒரு சாமியிடம் அது ஓட வேண்டும் என்று. இன்னொரு சாமியிடம் என்ன வேண்டினேன் என்று எழுதவில்லை.

மேற்கே மழைக் கருக்கல் கட்டியது. அப்போது மேலே இருந்தவன் மோட்டாரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தான். சூடு. அப்புறம் வாசனை வந்தது. கருகின ரப்பர் வாசனைக்குள்ளே சந்தன வாசனை. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. புகை வந்து நின்றுவிட்டது.

தளம் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. முன்னே போட்டது இறுகிவிட்டால் பின்னே போடுவது அதோடு ஒட்டாது. அந்தக் கோட்டில்தான் காலம் முழுக்க ஒழுகும். மேஸ்திரி கம்பியை எடுத்துக் குத்தச் சொல்லிக் கத்தினார். கம்பியால் எவ்வளவு குத்த முடியும்? நவநீதன் போனை எடுத்து யார் யாரையோ கூப்பிட்டார். பிரவீணா வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சந்துப் பக்கம் திரும்பிக் கை காட்டினேன்.

காளியப்பன் எங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கனம். நாலு பேர் சேர்ந்து மேலே ஏற்றினார்கள். உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஆட்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். மேஸ்திரி கீழே பார்த்து, "ஆத்தா, நேத்தே உங்களுக்குத் தெரிஞ்சுருக்குது. நாந்தான் உங்களைத் தடுத்துட்டனுங்" என்றார். எல்லோரும் அவன் கடையைத் திட்டினார்கள். "மலிவுல வாங்குனா இப்படித்தான்", "தாங்காதுன்னு பெரியம்மா அப்பவே சொன்னாங்க." நான் கேட்க நினைத்த ஒவ்வொரு வார்த்தையும் வந்தது. நாற்காலியும் இருந்தது. உட்கார முடியவில்லை.

நவநீதன் போன் பண்ணியதில் தண்டபாணி பைக்கில் வந்து இறங்கினான். கையில் புது மோட்டார் ஒன்று. எங்கள் மெஷின் ஓடுவதைப் பார்த்து அதைக் கீழே வைத்தான். எரிந்ததை எடுத்து, மண்ணில் குத்த வைத்து உட்கார்ந்து, ஸ்குரூ டிரைவரால் பிரித்தான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். நானும்.

மூடியைக் கழற்றினான். வரிகளுக்குள் ஸ்குரூ டிரைவர் முனையை விட்டுத் தோண்டினான். மஞ்சளாகக் கட்டி கட்டியாக உள்ளங்கையில் விழுந்தது. ஒன்றை விரலால் நசுக்கி மோந்து பார்த்தான். பிறகு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

குட்டு வாங்கினவன் அவன். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா.

சொல்லுடா என்று மனசுக்குள் சொன்னேன். சொன்னால் பதில் தயாராக வைத்திருந்தேன். நீ கூப்பிட்டாய், வந்தேன், பக்தியாக வைத்தேன், கிழவிக்கு மூக்கு எது முகம் எது என்று தெரியுமா என்று. பேத்தி முன்னால் சொல்லிக் கொள்ளத் தயாராக நின்றேன்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் மேஸ்திரி.

தண்டபாணி உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மலிவு மோட்டாருங் மேஸ்திரி. தாங்கலீங்."

"அதைத்தானப்பா ஊரே சொல்லுது."

"ஆமாங். எம் மேலதான் தப்பு." நவநீதனிடம் திரும்பி, "இதுக்கு ஆன செலவு என்னோடதுங் சார்" என்றான். பிறகு எழுந்து, எல்லோரும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னான்: "பெரியம்மா, அடுத்த ஆயுத பூசைக்கும் நீங்கதான் வந்து பொட்டு வெக்கோணும். மறந்துராதீங்."

சுற்றி நின்றவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "இத்தனைக்கும் எவ்வளவு மரியாதை பாரு" என்றார்கள். பிரவீணா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழை தூறல் போடுவதற்குள் தளம் முடிந்தது. பிரியாணி போட்டார்கள். எனக்கு வேண்டாம் என்றேன்.

ஐப்பசி 15, சனி

கடையில் கூட்டம். இதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். தண்டபாணி அந்தப் பலகையை இறக்கிவிட்டான். நான் கேட்கவில்லை. அவனே இறக்கினான். காலையில் கடை திறக்கும்போது எப்போதும் போல எதிரேயிருந்து, "பெரியம்மா, சாப்டாச்சா?" என்றான். காளியப்பன், "சாப்ட்டாங்க" என்று பதில் சொன்னான். அவனை யார் சொல்லச் சொன்னது.

ஓடு பதிக்கிறவர் வந்து, "நீங்க சொன்னது சரியாப் போச்சுங். மலிவுச் சாமான் தாங்கவே தாங்காதில்லீங்?" என்று கேட்டார்.

தாங்காது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஓட்டறவங்க கையில இருக்குது" என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் சொல்லியிருக்க வேண்டும். ஊர் முன்னால் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். பலகை வைத்ததைக் கூட ஒரு நாள் மறந்துவிடலாம். அவன் வாயை மூடிக்கொண்டதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். எனக்குப் பிச்சை போடுகிற அளவுக்கு இவன் எப்போது வளர்ந்தான்?

ஐப்பசி 16, ஞாயிறு

காளியப்பனின் மச்சானை அனுப்பி எதிர்க் கடையில் அதே நீல மோட்டார் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். பொட்டு வைக்காததாகப் பார்த்து வாங்கச் சொன்னேன்.

பின்கட்டில் பழைய தார் டிரம். அதில் மணலும் ஜல்லியும் தண்ணீருமாக ரொப்பி, உருளையை உள்ளே விட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறேன். கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரை. சாப்பாட்டுக்கு நிறுத்தக் கூடாது.

"இது எதுக்குங்மா?" என்றான் காளியப்பன்.

"தாங்குதா இல்லையான்னு பாக்கோணும்."

"அதுதான் தளத்துலயே பாத்துட்டமே."

"ஓட்டுறா" என்றேன். இது தானாக எரிய வேண்டும். யார் கையும் படாமல் எரிய வேண்டும். எரிந்ததும் அதை எடுத்துக்கொண்டு போய் அவன் மேசையில் வைப்பேன். அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம்.

ஐப்பசி 19, புதன்

டிரம்மில் தண்ணீர் வற்றிவிட்டது. ஊற்றினேன். ஓடுகிறது.

ஐப்பசி 23, ஞாயிறு

கையை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சூடுதான். வெயிலில் வைத்த செம்பு அளவுக்கு. தொட்டுக்கொண்டே இருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரி சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தாள். என் கடை, என் கரண்டு என்றேன்.

கார்த்திகை 3, புதன்

பேத்தி வீட்டில் சென்ட்ரிங் பிரித்தார்கள். போய்ப் பார்த்தேன். தளத்தின் அடி கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. எந்த இடத்தில் மெஷின் மாறியது என்று மேஸ்திரியாலேயே காட்ட முடியவில்லை. நீல மோட்டார் ஓடிய பாதியும் எங்களுடையது ஓடிய பாதியும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. இங்கேயா அங்கேயா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் பிரவீணாவுக்குச் சிரிப்பு.

திரும்பி வந்தபோது தண்டபாணி வாசலில் நின்றுகொண்டிருந்தான். "பின்கட்டுல எதோ ஓடற சத்தம் கேக்குதுங்களே பெரியம்மா, நம்ம மோட்டாராட்டம் இருக்குது" என்றான்.

"இல்லை" என்றேன்.

கார்த்திகை 9, செவ்வாய்

இன்னும் ஓடுகிறது.